வாண்டு சொல்லாத சேதி

வாண்டு மலைக்குப் போனது, அவளுக்குப் பதிலாக மலையிலிருந்து ஒரு பெண் இந்த வீட்டுக்கு வந்து இறங்கியது, வந்த முதல் நாளே வாண்டுவின் அப்பாவைப் பார்த்து, "வாடா, சாப்பிட்டியா?" என்று கேட்டு எல்லாரையும் திகைக்க வைத்தது, இதெல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறீர்கள் என்றால், இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒரு இளைஞர் அமைப்பு. இங்கிருந்து ஒருவர் கடல் தாண்டிப் போய், மலைமேல் வாழும் பூர்வகுடி மக்களின் ஊரில் ஒரு வருஷம் தங்கிச் சேவை செய்வார். அந்த ஊரிலிருந்து ஒருவர் இங்கே வந்து, அதேபோல ஒரு வருஷம் ஒரு தொழில் கற்றுக்கொள்வார். அப்படிப் போனவள்தான் இந்த வீட்டு ஒரே மகள். வயது இருபதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பெயர் வாண்டு. வந்தவளுக்கு அப்பா வைத்த பெயர் விருந்தாளி. வந்தவள் தங்கியிருப்பது வாண்டுவின் அறையில். கற்றுக்கொள்வது அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில்.

விருந்தாளிக்கு நம் பேச்சைச் சொல்லிக் கொடுத்ததும் வாண்டுதான். விருந்தாளி இங்கே கிளம்புவதற்கு முன் சில மாதங்கள் இருவரும் மலையில் ஒரே வீட்டில் இருந்தார்கள். வாண்டு நாய்க்குட்டியிடம் பேசியது, போனில் அம்மாவிடம் சலித்துக்கொண்டது, தனக்குத்தானே முணுமுணுத்தது எல்லாவற்றையும் விருந்தாளி அப்படியே பிடித்துக்கொண்டாள். அதனால் சில நேரம் சமையலறையில் பாத்திரம் விழுந்து, "போதும்டா சாமி!" என்று ஒரு குரல் கேட்டால், அம்மாவுக்கு ஒரு நொடி மகளே வந்துவிட்ட மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பாள். கன்னம் சிவந்த, சின்னக் கண் கொண்ட விருந்தாளி நின்றுகொண்டிருப்பாள்.

அன்று சனிக்கிழமை. அப்பா லிப்ட் மெக்கானிக். காலையிலேயே கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா இஸ்திரிப் பெட்டியும் கையுமாக, தன் நீல நிறப் புடவையைத் தேய்த்தபடி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, யார் கூடப் பேசறீங்க?" டீக் கோப்பையை நீட்டினாள் விருந்தாளி.

"யார் கூடவும் இல்லம்மா. சாயந்திரம் கூட்டத்துல பேசணுமே, அதைச் சொல்லிப் பார்க்கறேன்."

அமைப்பின் கூட்டம். அடுத்த ஆண்டு மலைக்குப் போகப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு. ஏற்கெனவே மகளை அனுப்பிய தாய் என்ற முறையில் அம்மா நாலு வார்த்தை பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டிருந்தார். அம்மா ஒரு வாரமாக இதே வேலையாக இருந்தாள். லென்ஸ் தேய்க்கும் மிஷின் ஓடும்போதுகூட உதடு அசைந்துகொண்டிருந்தது.

"கேளு, நல்லா இருக்கான்னு சொல்லு. 'மலை உச்சியில ஒரு பள்ளிக்கூடம். அதுக்குள்ள ஒரு கரும்பலகை. அதுக்கு முன்னாடி சாக்பீஸோட என் பொண்ணு.' எப்படி?"

விருந்தாளி யோசித்தாள். "அழகா இருக்கு."

"சாக்பீஸ்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது. நான் அனுப்பின கலர் சாக்பீஸ் இந்நேரம் தீர்ந்திருக்குமே. இன்னொரு பெட்டி அனுப்பணும்."

"நிறைய அனுப்புங்க பெரியம்மா. ரொம்ப நல்ல சாக்பீஸ். ஆடு மேல நல்லா ஒட்டுது."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"எது மேல?"

"ஆடு மேல. எங்க ஆட்டுக்குச் சிவப்பு, பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் பச்சை. மழை வந்தாலும் லேசுல போகாது. வாண்டுதான் கோடு போடுவா. சில சமயம் எங்க ஆட்டுக்கும் பச்சை போட்டுடுவா." விருந்தாளி சிரித்தாள். சிரித்த பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அவ எதுக்கு ஆட்டுக்குக் கோடு போடறா? அவ டீச்சர் இல்லையா?"

"டீச்சர் முன்னாடி. இப்ப ஆடு." சொன்னவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

புடவையில் லேசாகக் கருகல் வாசனை வந்தது. அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். "சொல்லு," என்றாள்.

விருந்தாளி தனக்குத் தெரிந்த வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்துச் சொன்னாள். எங்கள் ஊருக்கு ஒவ்வொரு வருஷமும் யாராவது வருவார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஒரு பாட்டு சொல்லித் தருவார்கள். போய்விடுவார்கள். அடுத்தவர் வருவார். மறுபடியும் ஒண்ணு, ரெண்டு, மூணு.

"என் தம்பி அந்தப் பாட்டை எத்தனையோ தடவை கத்துக்கிட்டான். அவனுக்கு இப்ப மீசை வருது. இப்ப எங்க ஊர்லயே, எங்க பாஷையில பாடம் சொல்ல ஆள் இருக்கு. என் சித்தப்பா. அதனால ஊர்க் கூட்டத்துல சொன்னாங்க, வகுப்பு வேண்டாம்னு."

"வேண்டாம்னா? என் பொண்ணை வேண்டாம்னு சொன்னாங்களா?"

"கோபமா சொல்லல பெரியம்மா. சூப் குடுத்துத்தான் சொன்னாங்க. பாட்டு வேண்டாம், நீ இரு, எங்களோட வேலை செய், இல்லன்னா ஊருக்குப் போகணும்னாலும் சரின்னு. அவ நிறைய அழுதா. எங்க அம்மா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் ஒரு நாள் காலையில எழுந்து, 'என்ன வேலை குடுப்பீங்க?'ன்னு கேட்டா."

எங்க அம்மா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. விருந்தாளி சொன்ன அந்த வார்த்தைதான் அம்மாவைத் தைத்தது. மகள் அழுதிருக்கிறாள். பக்கத்தில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். சனிக்கிழமைதோறும் போனில், "வகுப்பு எப்படிப் போகுது?" என்று தான் கேட்க, "போகுதும்மா," என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"நல்ல வேலைக்காரியா இருக்காளா?" எதற்கு இதைக் கேட்டோம் என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

விருந்தாளிக்குப் பொய் வராது. "சுமாரா," என்றாள். பிறகு, "பெரியப்பா சொல்லலையா?" என்றாள்.

"பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

விருந்தாளி இந்த முறை வாயைப் பொத்தவில்லை. பொத்தி இனி என்ன ஆகப்போகிறது!

*

கண்ணாடிக்கடை ஒரு பழைய வணிக வளாகத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த வளாகத்து லிப்டைச் சரிபார்ப்பது அப்பாவின் பொறுப்பு. அன்றைக்கு அந்தச் சனிக்கிழமைதான்.

கடையில் ஒரு பெரியவர் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை என்று வந்திருந்தார். அம்மா விருந்தாளியிடம் கைகாட்டினாள். அவள் சின்ன இடுக்கியால் மூக்குப்பட்டை இரண்டையும் துளி உள்ளே வளைத்து, அவர் முகத்தில் மாட்டி, குனிந்து பார்க்கச் சொல்லி, நிமிரச் சொல்லி, தலையை ஆட்டச் சொன்னாள். கண்ணாடி நின்றது. பெரியவருக்குச் சந்தோஷம். அம்மா அதைக் கவனிக்காத மாதிரி கவனித்துவிட்டு, லிப்ட் பக்கம் நடந்தாள்.

'வேலை நடக்கிறது' என்ற பலகையைக் குறுக்கே வைத்து, லிப்ட் கதவு திறந்திருந்தது. உள்ளே பெட்டி இல்லை. கீழே பள்ளத்தில், நெற்றி விளக்கோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் தலை அம்மாவின் முழங்கால் உயரத்தில் இருந்தது.

"என்னங்க."

"பலகையைத் தாண்டாதம்மா. எண்ணெய் வழுக்கும்."

"வாண்டு ஆடு மேய்க்கறாளாமே."

நெற்றி விளக்கு மேலே திரும்பியது. அம்மாவுக்குக் கண் கூசியது. விளக்கு உடனே கீழே இறங்கியது. பள்ளத்தில் இருக்கிற மனிதன் எங்கே ஓடுவான்?

"யார் சொன்னா?"

"ஆட்டுக்காரவங்க வீட்டுப் பொண்ணே சொன்னா. நீங்க எப்பத் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும். நீ அன்னைக்குக் கடையில இருந்து வர லேட் ஆச்சு. அவ போன் பண்ணினா. ஒரே அழுகை. உன்கிட்டச் சொல்லாதப்பான்னா."

"நான் என்ன பேயா பிசாசா?"

"நீ பேய் இல்ல." அப்பா துணியால் விரல் விரலாகத் துடைத்தார். "கண்ணு பார்க்க வர்றவங்க, பிரேம் மாத்த வர்றவங்க, எல்லார்கிட்டயும் 'என் பொண்ணு டீச்சர், என் பொண்ணு டீச்சர்'னு சொல்லி வச்சிருக்க. அது அவளுக்கும் தெரியும். அதை எப்படிப் போட்டு உடைக்கிறதுன்னுதான் பயந்தா."

"பெருமைப்பட்டது என் தப்பா?"

"தப்புன்னு யார் சொன்னா?"

மேல்தளத்தில் யாரோ லிப்ட் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா அண்ணாந்து, "படியில வாங்க சார்!" என்று கத்தினார்.

"இன்னைக்குக் கூட்டத்துல நான் என்னன்னு பேசறது?"

"வேணும்னா உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"நான் அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன்." அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "எழுதி வச்சதைப் பேசிட்டு வந்துடறேன். இன்னைக்கு ஒரு நாள் சமாளிச்சுட்டா அப்புறம் யாரு கேட்கப் போறா?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருக்கிற இடத்தை நினைத்து விட்டுவிட்டார்.

*

நூலகத்து மாடியில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், ஒரு வெள்ளைத் திரை. திரையில் பெரிதாக வாண்டு தெரிந்தாள். போன முதல் வாரத்தில் எடுத்த படம். கரும்பலகைக்கு முன்னால் நின்று சிரிக்கிறாள். பிள்ளைகள் அவளைப் பார்க்காமல் படம் எடுப்பவரைப் பார்க்கிறார்கள்.

அம்மா பேசினாள். மலை உச்சி, பள்ளிக்கூடம், கரும்பலகை, சாக்பீஸ், என் பொண்ணு. எல்லாம் தேய்த்து மெருகேற்றின லென்ஸ் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. கைதட்டினார்கள். செயலாளர் எல்லாரையும்விடக் கொஞ்சம் கூடுதலாகத் தட்டினார். முதல் வரிசையில் விருந்தாளியும் தட்டினாள். எல்லாரும் தட்டுகிறார்களே என்று தட்டினாளே தவிர, அவள் முகத்தில் ஒன்றும் புரியாத குழப்பம் இருந்தது. காலையில்தான் எல்லாம் சொன்னோமே, பெரியம்மாவுக்கு நம் பேச்சு விளங்கவில்லையோ என்ற குழப்பம்.

அம்மா உட்காரப் போனாள். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். பேக்கரிக்காரர். சட்டைக் கைமடிப்பில் மாவு ஒட்டியிருந்தது. கடையை யாரிடமோ விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"அம்மா, ஒரு சந்தேகம். என் பையனும் போறான். நல்ல பையன்தான். ஆனா படிப்பு அவ்வளவா வராது. உங்க பொண்ணு மாதிரியெல்லாம் அவனால முடியாது. அவன் அங்க போய் என்னத்தச் சொல்லிக் குடுப்பான்? பிள்ளைங்க முன்னாடி அசிங்கப்பட்டுட்டு வருவானோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்க."

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார்.

அம்மா மைக்கைத் திரும்பப் பிடித்தாள். ஒரு நல்ல பதில் தயாராக நாக்கில் இருந்தது. அது வெளியே வரவில்லை.

"அவன் ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்காதுங்க," என்றாள். "என் பொண்ணும் இப்ப சொல்லிக் குடுக்கல. அவங்களுக்கு அவங்க ஆளே வாத்தியார் இருக்காராம். பாடம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இவ ஆடு மேய்க்கறா. அதையும் சுமாராத்தான் செய்யறாளாம். நான் இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுக்கிட்டேன். இப்ப பேசினது முந்தி எழுதி வச்சது. மன்னிச்சுக்குங்க."

பேக்கரிக்காரர் சிரித்தார். பெரிய சிரிப்பு. "ஆடா? அப்ப என் பையன் பிழைச்சுப்பான்!" அங்கங்கே நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு தம்பதி மட்டும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு எழுந்து போனார்கள்.

அம்மாவுக்கு நெஞ்சில் காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது எதுவோ இறங்கின மாதிரி இருந்தது.

அந்த நிம்மதி தாழ்வாரம் வரைக்கும்தான்.

"முதல்ல எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றார் செயலாளர். குரல் உயரவில்லை. நல்ல மனுஷிதான், களைத்துப்போயிருந்தார். "வகுப்பு நடக்குதுன்னுதான் நாங்க எல்லா இடத்துலயும் சொல்லிட்டு வர்றோம். ஆடு மேய்க்க ஒரு பொண்ணை விமானம் ஏத்தி அனுப்பினோம்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? உங்க பொண்ணைத் திரும்பக் கூப்பிடற மாதிரிதான் இருக்கும். குழு கூடிப் பேசட்டும்."

மகள் வந்துவிடுவாள். வாசல் மணி அடிக்கும், பையைப் பொத்தென்று போடுவாள், சாப்பிட என்ன இருக்கு என்பாள். அம்மாவின் மனசு ஒரு கணம் குதித்தது. அடுத்த கணம், படிக்கட்டுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த விருந்தாளியின் முதுகு கண்ணில் பட்டது.

"அப்ப இந்தப் பொண்ணு?"

"ஒருத்தர் திரும்பினா இன்னொருத்தரும் திரும்பணும். அதுதான் ஏற்பாடு."

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். விருந்தாளி கேட்காமலிருக்க, செயலாளர் சொன்னதை அம்மாவே சொன்னாள். விருந்தாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாரம்தான் அவள் கண் பரிசோதனை அறையில் தனியாக நிற்கத் தொடங்கியிருந்தாள். எழுத்துத் தெரியாதவர்களுக்கென்று ஒரு அட்டை உண்டு. மூன்று கால் வைத்த முள்கரண்டி மாதிரி குறிகள், கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். அந்த அட்டையை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. எங்கள் ஊரில் எல்லாரையும் இதை வைத்துப் பார்க்கலாம் என்று குதித்திருந்தாள்.

"என் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்," என்றாள் அம்மா.

"நானும்தான் பெரியம்மா," என்றாள் விருந்தாளி.

*

வீட்டுக்கு வந்தபோது அப்பா உருளைக்கிழங்கை வேகவைத்து, தோலுரித்து, உப்பும் மிளகும் தூவி வைத்திருந்தார். குற்றம் செய்தவர் சமையலறையில் இருப்பார் என்பது அந்த வீட்டு வழக்கம். அம்மா ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். அது போதும் அவருக்கு.

போன் அடித்தது. சனிக்கிழமை அழைப்பு. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். அம்மா ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"அம்மா! கேட்குதா? பாறை மேல ஏறி நிக்கறேன். இங்கதான் சிக்னல். எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன். ஆடெல்லாம் எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் காற்று மட்டும் வீசியது.

"அம்மா..."

"திட்டல. அடிக்கணும்னாலும் போன் வழியா அங்க வருமா கை? நீ அழுதப்ப என்கிட்டச் சொல்லலையேன்னுதான் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

வாண்டு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சொல்லணும்னுதான் ஒவ்வொரு வாரமும் பாறை ஏறுவேன்மா. நீ எடுத்ததும் 'டீச்சரம்மா'ன்னு கூப்பிடுவ. அவ்வளவுதான், வாய் அடைச்சுடும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். செயலாளர் சொன்னதையும் சொன்னாள். "கூப்பிட்டா வந்துடுவியா?" என்று கேட்கும்போது, எந்தப் பதில் வேண்டும் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"மாட்டேன்மா," என்றாள் வாண்டு. மெதுவாகத்தான் சொன்னாள். "குட்டி போடற நேரம் வருது. இப்பதான் எனக்குக் கொஞ்சம் பிடிபடுது. வகுப்பு எடுத்தப்ப நான் சொன்னதைப் பசங்க கேட்டாங்க, அவ்வளவுதான். இப்ப என்னைக் கூப்பிடறாங்கம்மா. 'ஏய், அந்தக் கயித்தைப் பிடி'ன்னு." கொஞ்சம் நிறுத்தி, "உனக்குக் கஷ்டமா இருக்கா?" என்றாள்.

"இருக்குடி. இருக்கட்டும். நான் செயலாளர்கிட்டப் பேசறேன். பேசிப் பேசித்தானே கெடுத்தேன், பேசியே பார்க்கறேன்."

அப்பா உருளைக்கிழங்குத் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் இன்னொரு குரல் கேட்டது. தடித்த, மூச்சு வாங்கும் குரல். "அம்மா, நம்ம விருந்தாளியோட அம்மாவும் பாறை ஏறி வந்துட்டாங்க," என்றாள் வாண்டு. "உன்கிட்டப் பேசணுமாம்."

இத்தனை மாதத்தில் இரண்டு தாய்மாரும் பேசிக்கொண்டதே இல்லை. எந்தப் பாஷையில் பேசுவது? விருந்தாளி நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மலைவீட்டு அம்மா பேசினாள். நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு, நடுவில் யாரையோ அதட்டிவிட்டுத் திரும்ப வந்து பேசினாள். விருந்தாளி சொன்னாள்: "உங்க பொண்ணுக்கு ஆடு சரியா வரல, ஆனா மனசு வருதுன்னு சொல்றாங்க. அவளை ஆபீஸ் கூப்பிட்டா, ஆபீஸே இங்க வந்து எங்க ஊர்க் கூட்டத்துல கேட்கட்டும்னு சொல்றாங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "அவ அழுதப்ப பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்களாமே. அதுக்கு..." விருந்தாளி பக்கம் திரும்பினாள். "சொல்லும்மா, நான் ரொம்ப... சொல்லு."

விருந்தாளி சொன்னாள். அம்மா சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னாள் போல. அந்தப் பக்கம் குரல் தணிந்தது. மலைவீட்டு அம்மா இன்னும் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். கேள்வி என்பது மட்டும் தொனியில் தெரிந்தது.

விருந்தாளி வாய் திறக்கவில்லை.

"என்னம்மா கேட்கறாங்க?"

"ஒண்ணும் இல்ல பெரியம்மா. குளிர்னு சொல்றாங்க."

கேள்வியைப் புரிந்துகொள்ளக்கூடிய இன்னொரு ஆள் பாறை மேல் நின்றுகொண்டிருந்தாள். "வாண்டு, என்னடி கேட்டாங்க?" என்றாள் அம்மா.

"அம்மா, சிக்னல் போகுது, அடுத்த வாரம் பேசறேன்மா!" சிக்னல் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. போன் அணைந்தது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. விருந்தாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயிடம் சொல்லாத ஏதோ ஒன்றைச் சுமக்கிற பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று நேற்று வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

விருந்தாளி எழுந்தாள். "டீ போடறேன்," என்று சமையலறைக்குள் போனாள். பாத்திரம் வைக்கும் சத்தம், தண்ணீர் விழும் சத்தம், பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை.

"பெரியம்மா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உங்களுக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?"

வந்த நாளிலிருந்து தினமும் அவள்தான் அம்மாவுக்கு டீ போடுகிறாள்.